காலத்தே வாராத உதவித்தொகை

கல்வியின் சிறப்பைப் பாடாத புலவர் தமிழில் இலர். புறநானூற்றின் 183ஆம் பாடலை இயற்றிய பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், பொருள் வழங்கியேனும் ஒருவன் கற்றல் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றான். பிறப்பால் கீழ் வைக்கப்பட்டவனும் கற்றானாயின் மேலிருப்பவன் அவனைத் தேடி வருவான் என்பதும் அப்பாடலின் துணிபு. இவ்விரு கருத்துகளையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஒரு வினா எழுகின்றது. கீழ் வைக்கப்பட்டவனிடம் வழங்குதற்குப் பொருள் ஏது? கல்வி உயர்த்தும் என்பது உண்மை. ஆயின் அவ்வுயர்வுக்கு ஏறும் முதற்படியிலேயே காசு கேட்கப்படுகின்றதே, அதனை யார் கொடுப்பது? பாண்டியன் விடை கூறாது விட்ட அவ்வினாவுக்கு இக்காலம் கண்ட விடைதான் கல்வி உதவித்தொகை.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் இன்று கல்வி நிறுவனங்கள் நிறைந்துள்ளன. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் வண்டலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. அவற்றைத் தொடர்ந்து கலைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பெருகின. இவற்றின் நடுவே அமைந்த ஊரப்பாக்கத்தில் காலை மின்தொடர் வண்டியிலிருந்து இறங்கும் கூட்டத்தில் பாதிக்குமேல் மாணவராகவே இருப்பர். அவர்களுள் பலர் தம் குடியில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். வகுப்பில் அவர்களை நாள்தோறும் காணும் ஆசிரியர்களாகிய நாம், அவர்களது படிப்பு எங்கே தடைப்படுகின்றது என்பதை அறிவோம். தடைப்படுவது பெரும்பாலும் அறிவில் அன்று. கட்டணம் செலுத்தும் முகப்பில்தான்.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் கணக்கெடுப்பில் 47 விழுக்காடு. இந்திய அளவோ 28.4 விழுக்காடு. இது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க நிலையே. எனினும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோரின் விகிதம் மாநிலத்தின் பொது விகிதத்தினும் தாழ்ந்தே நிற்கின்றது. அந்த இடைவெளியை நிரப்புதற்கென்றே உதவித்தொகைகள் உள்ளன. அவை இருந்தும் இடைவெளி ஏன் நீடிக்கின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஓராண்டில் இரு நாடுகள்

1944ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவிற்கொள்ளத் தக்கது. வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து 1942இல் அரசிடம் முறையீடு ஒன்றை அளித்தார். உயர்கல்விக்கு உதவித்தொகை வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. அதன் பயனாகப் பட்டியல் சாதி மாணவர்க்குரிய உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கிற்று. பின்னர் அது பழங்குடி மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை என்று இன்று நாம் வழங்குவது அதனையே.

அதே 1944ஆம் ஆண்டில் ஏப்ரல் மாதம் 25ஆம் நாள் அமெரிக்காவில் ஒருங்கிணைந்த நீக்ரோ கல்லூரி நிதியம் நிறுவப்பட்டது. டஸ்கெகீ நிறுவனத்தின் தலைவர் பிரெடரிக் பேட்டர்சன், மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார் முதலானோர் அதற்குக் காரணராயினர். கறுப்பினத்தார்க்கென அமைந்த 27 தனியார் கல்லூரிகள், தனித்தனியே கையேந்துவதை விடுத்து ஒன்றாகப் பொருள் திரட்ட முன்வந்தன. அவ்வாண்டு சூன் திங்களில் அமெரிக்க அரசு, போரிலிருந்து மீளும் வீரர்க்குக் கல்விச் செலவை ஏற்கும் சட்டம் ஒன்றையும் இயற்றியது. சட்டத்தின் சொற்களில் நிறவேறுபாடு இல்லை. நடைமுறையிலோ கறுப்பின வீரர்கள் பலர்க்குப் பல கல்லூரிகள் கதவடைத்தன. அவர்க்கென இருந்த கல்லூரிகளிலோ இடம் போதவில்லை. எல்லார்க்கும் பொதுவான உதவி எல்லாரையும் சென்றடைந்துவிடும் என்று நம்புவோர் இச்செய்தியை எண்ணிப்பார்த்தல் நலம்.

இரு நாட்டு ஒடுக்கப்பட்டோரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தாரல்லர். 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு நீக்ரோக்கள் அளித்த முறையீட்டின் படியை வேண்டினார். அவ்விருவர் வாழ்விலும் உதவித்தொகை ஆற்றிய பங்கு ஒப்பிட்டு நோக்கத் தக்கது.

தொகை நின்றதும் திரும்பிய இருவர்

டு பாய்ஸ் 1892இல் பெர்லின் பல்கலைக்கழகம் சென்றார். அவரை அனுப்பியது விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்கென நிறுவப்பட்ட ஸ்லேட்டர் நிதியம். அளித்த தொகையில் ஒரு பாதி கொடை. மறு பாதி கடன். ஈராண்டு கழிந்தபின் மேலும் ஓராண்டுக்கு உதவ அந்நிதியம் மறுத்தது. பெர்லினின் முனைவர் பட்டம் கைக்கெட்டும் தொலைவில் நிற்க, 1894இல் அவர் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார்.

அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகள். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணி. இதுவே உடன்படிக்கை. பின்னர் இலண்டனில் ஆய்வு மேற்கொண்டிருந்தபோது உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் ஆய்வை இடையில் நிறுத்தி நாடு திரும்பினார். மும்பையில் ஆசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பொருளும், கோலாப்பூர் மன்னர் செய்த உதவியும், நண்பரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் அப்பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

இருவரும் பேரறிஞர்கள், மீண்டும் எழுந்து நின்றனர். ஆயின் உதவி நின்ற நாளில் திரும்பிச் சென்று, பின்னர் ஒருபோதும் கல்லூரிக்கு வாராதோர் எத்துணையர்? அவர்தம் பெயர்கள் வரலாற்றில் இல்லை. உதவித்தொகை என்பது முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்துவது மட்டுமன்று. படிப்பு முடியும்வரை இடையறாது துணை நிற்பதாகும். இது நாம் கொள்ளும் முதற் கருத்து.

செங்கற்பட்டு மண் கூறும் பாடம்

ஊரப்பாக்கம் அடங்கிய செங்கற்பட்டுச் சீமைக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. டு பாய்ஸ் பெர்லின் சென்ற அதே 1892இல்தான் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் ஆணையைப் பிறப்பித்தது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையை நேரில் ஆய்ந்து அளித்த அறிக்கையே அதற்கு அடிப்படை. நிலமின்மை, கடன், குடியிருப்புக்கும் உரிமையின்மை, கல்வியின்மை ஆகியவற்றை அவர் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கண்டார். நிலம் பெற்றோர் பத்தாண்டுகள் அதனை விற்றல் கூடாது. அதன் பின்னரும் தம்மைப் போன்ற ஒடுக்கப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் கூடாது என நிபந்தனையும் விதிக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்பது இதுவே.

அந்நிலங்களுள் பெரும்பகுதி இன்று அம்மக்களிடம் இல்லை. அதனை மீட்கக் கோரி எழுந்த காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஆணை இருந்தது, நிபந்தனை இருந்தது, காவல் இல்லை. பெற்றவன் கையில் அது நிலைக்கின்றதா என்று பார்ப்பார் இல்லை. இவ்வழியே விலை மலையென ஏறிவிட்ட மண்ணில் அன்று பெற்ற நிலம் நிலைத்திருக்குமாயின், அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று உதவித்தொகைக்குக் காத்திருக்க வேண்டிய தேவையே இராது. ஏட்டில் வழங்கிய உரிமை கைக்கு வருவதும், வந்தது நிலைப்பதும் தனித்தனிச் செயல்கள் என்பதே இம்மண் நமக்குக் கூறும் பாடம்.

பள்ளிகளும் அக்காலத்தே தோன்றின. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனாரும், பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவும் இவ்வட்டாரத்தினரே. பள்ளி ஆசிரியராகத் தொடங்கிச் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த ராஜா, தம் மக்களின் கல்விக்காக அங்கே ஓயாது வாதாடினார். 1922இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அரசு ஆவணங்களில் ஏறியதும் அவர்தம் முயற்சியின் விளைவே. இன்று இவ்வழியே கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு இவர்கள் புத்தகப் பெயர்கள் அல்லர்; முன்னோர்.

ஏட்டில் உள்ளதும் கையில் வருவதும்

திட்டங்கள் குறைவல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 2010இல் தமிழக அரசு, குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை அளித்தது. 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர்க்கும் தமிழகத்தில் அவ்வுதவி உண்டு. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. அவர்தம் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 செப்டம்பர் 5இல் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டு 9இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கின.

இனிக் குறைகளை நோக்குவோம். முதலாவது, வருமான வரம்பு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ. 2,50,000க்கு மிகுதல் ஆகாது என 2013இல் விதிக்கப்பட்டது. திட்டம் 2021இல் திருத்தப்பட்டபோதும் அவ்வரம்பு உயரவில்லை. திங்களுக்கு இது ரூ. 20,833. தாயும் தந்தையும் கூலிக்குச் செல்லும் வீட்டில், இருவரும் நாள்தோறும் வேலை கிடைத்து உழைத்தால் இவ்வரம்பைத் தாண்டிவிடுவர். மறுபுறம், முற்பட்ட வகுப்பினரில் நலிந்தோர்க்கென 2019இல் வந்த பத்து விழுக்காடு ஒதுக்கீட்டில் 'ஏழை' என்பதற்கு வகுத்த வரம்பு ரூ. 8,00,000. ஒரு நாட்டில் ஏழ்மைக்கு இரண்டு அளவுகோல்கள்! பன்னூறாண்டுகளாகச் சொத்துச் சேர்க்க இடமின்றி இருந்தவன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வருமானத்திலேயே 'வசதி படைத்தவன்' ஆகிவிடுகின்றான். இது நீதியாகுமா?

இரண்டாவது, தொகையின் அளவு. 2021ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, வீட்டிலிருந்து வந்து கலை, அறிவியல் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர்க்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கு ரூ. 3,000, விடுதியில் தங்குவோர்க்கு ரூ. 6,000. தமிழ் இலக்கியம் பயிலும் நம் மாணவர் இவ்வகையினரே. மூவாயிரம் என்பது திங்களுக்கு ரூ. 250, நாளொன்றுக்கு எட்டு ரூபாய்க்குச் சற்று மேல். ஊரப்பாக்கம் நிலையத்து வெளியே ஒரு தேநீருக்கும் அது போதாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி மாணவர்க்குரிய உணவுப்படி 2023இல்தான் திங்களுக்கு ரூ. 1,100லிருந்து ரூ. 1,500 ஆயிற்று. மூன்று வேளை உணவுக்கு நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். 2025இல் அவ்விடுதிகட்குச் 'சமூகநீதி விடுதி' எனப் பெயர் சூட்டப்பட்டது. பெயர் நன்று, தட்டிலும் அந்நீதி விளங்க வேண்டும்.

மூன்றாவதும் தலையாயதும் காலம். கட்டணம் சூன், சூலைத் திங்களில் கேட்கப்படுகின்றது. உதவித்தொகையோ கல்வியாண்டின் இறுதியிலும், சில வேளைகளில் ஆண்டு கழிந்தும் வருகின்றது. இடைப்பட்ட காலத்தை யார் சுமப்பது? மாணவன் சுமக்கின்றான். நகை அடகுக்குச் செல்கின்றது. கந்துவட்டி வீட்டிற்குள் நுழைகின்றது. அதுவும் இயலாதவன் தேர்வுக்கு நுழைவுச்சீட்டு கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் அச்சத்தோடு வகுப்பில் அமர்கின்றான். செய்ந்நன்றியறிதலில் வள்ளுவர் உதவியின் அளவினும் அது வந்த காலத்தையே பெரிதாக மதித்தார். நம் உதவித்தொகைகள் தோற்பது அவ்விடத்தில்தான்.

காலம் தவறினால் என்ன நேரும் என்பதற்குச் சான்றுகள் உள. 2024இல் உத்தரப்பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் பெற்றான். சேர்க்கைக்குச் செலுத்த வேண்டியது ரூ. 17,500. சூன் 24 மாலை ஐந்து மணிக்குள் அதனைச் செலுத்த அக்குடும்பத்தால் இயலவில்லை, இடம் பறிபோயிற்று. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை அலைந்து, இறுதியில் உச்சநீதிமன்றம் செப்டம்பர் 30ஆம் நாள், அரசமைப்பின் 142ஆம் பிரிவின்படி அவனைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் வரை செல்ல முடிந்தவன் ஒருவன். செல்லாதவர் கணக்கை எவர் அறிவார்? 2016 சனவரி 17இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிர்நீத்த ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, தமக்கு ஏழு திங்கள் ஆய்வுத்தொகையாக ரூ. 1,75,000 வரவேண்டியுள்ளதெனத் தம் இறுதி மடலில் குறித்திருந்தார். அவர் துயருக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்நிலுவையும் ஒன்றாக அம்மடலில் நிற்பது நம் நெஞ்சை அறுக்கின்றது.

நான்காவது, தாள்களின் சுமை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதற் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இவையனைத்தும் வேண்டும். ஒரு சான்றில் தந்தை பெயருக்கு முன்னெழுத்து ஒன்று, மற்றொன்றில் இரண்டு. வங்கிக் கணக்கு நெடுநாள் இயங்காது முடங்கிக் கிடக்கும். இத்தகைய சிறு பிழையால் விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பியதை மாணவன் அறியுமுன் இறுதிநாள் கழிந்துவிடும். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கு 1972இல் தோன்றிப் பின்னர் பெல் உதவித்தொகை எனப் பெயர் பெற்ற அரசுக் கொடை, ஏழை மாணவர்க்குப் பெருந்துணை. அதனைப் பெறுதற்குரிய விண்ணப்பப் படிவத்தை எளிமையாக்கப் புகுந்து, 2023 இறுதியில் வெளியிட்ட புதுப் படிவம் பழுதுபட்டதனால், 2024இல் கல்லூரிகள் உதவித் தொகையை அறிவிக்கப் பல திங்கள் தாமதமாயின. வாயிலைத் திறந்துவைத்துப் படியை உயர்த்துவது எங்கும் உள்ள வழக்கம் போலும்!

மறுப்போர் கூற்று

இவ்வுதவிகளை எதிர்ப்போர் மூன்று காரணங்களைக் கூறுவர். ஏழ்மை எச்சாதிக்கும் பொதுவாயிற்றே, சாதி நோக்கி ஏன் வழங்க வேண்டும் என்பது ஒன்று. எல்லா ஏழையர்க்கும் உதவ வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆயின் இருவர் வருமானம் ஒன்றாயினும் இருவர் கையிருப்பு ஒன்றாவதில்லை. ஒருவனுக்குப் பாட்டன் நிலமும், படித்த மாமனும், பிணை நிற்க உறவினரும் உளர். மற்றவனுக்கு அவை எவையும் இல்லை. கூடவே வாடகை வீடும் மறுக்கப்படுகின்றது. அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்க்கென வழங்கிய உதவித்தொகையை 1994இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. 2023 சூன் 29இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதையே தடுத்தது. அதன்பின் அத்தகைய உதவித்தொகைகள் பலவற்றைக் கல்வி நிறுவனங்கள் பொதுவாக்கின அல்லது கைவிட்டன. நம் அரசமைப்போ 15, 46ஆம் பிரிவுகளில் நலிந்த பிரிவினர்க்குத் தனிக் கவனம் செலுத்த இடமும் கடமையும் தந்துள்ளது. பிறர் இழந்து வருந்தும் ஒன்றை நாம் பெற்றிருந்தும் அரைகுறையாய்ப் பயன்படுத்துவது தகுமா?

முறைகேடு மிகுதி என்பது இரண்டாவது கூற்று. முறைகேடு உண்மையே, செய்தவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். சிறுபான்மையினர் உதவித்தொகை குறித்து நடுவண் அமைச்சகம் 2023இல் ஆய்ந்த 1,572 நிறுவனங்களுள் 830 போலியானவை அல்லது இயங்காதவை எனக் கண்டறியப்பட்டது, இழப்பு ரூ. 144.83 கோடி. ஏமாற்றியவை நிறுவனங்கள், பெயர் கெட்டது மாணவர்க்கு. அதற்கு முன்னரே, 2022-23 முதல் பள்ளிக் கல்வி உதவித்தொகை 9, 10ஆம் வகுப்பினர்க்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. ஆய்வு மாணவர்க்குரிய மௌலானா ஆசாத் உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. சச்சார் குழு 2006இல் எடுத்துக்காட்டிய பின்தங்கிய நிலை நீங்கிவிட்டதென எவரும் மெய்ப்பிக்காத நிலையில் இது நிகழ்ந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது அறிவுடைமை ஆகாது.

கடன் பெற்றுப் படிக்கட்டுமே என்பது மூன்றாவது. கடன் என்பது நாளை வருமானம் உறுதி என்பவர்க்கு ஊன்றுகோல், உறுதியில்லாதவர்க்குக் கால்விலங்கு. 2019இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ராபர்ட் ஸ்மித் என்னும் கறுப்பினச் செல்வர், அவ்வாண்டு பட்டம் பெற்ற ஏறத்தாழ நானூறு மாணவரின் கல்விக்கடன் முழுவதையும் தாமே அடைப்பதாக அறிவித்தார். உலகம் வியந்தது. வியப்பின் பின்னே ஓர் உண்மை உளது: பட்டம் பெறும் நாளிலேயே அம்மாணவருள் பலர் கடனாளிகளாக நின்றனர். ஒரு வள்ளல் ஓராண்டு மாணவரைக் காத்தார். ஆண்டுதோறும் வள்ளல் வருவாரோ?

நாம் செய்யத்தக்கவை

அரசு செய்யவேண்டியன சில. வருமான வரம்பை எட்டு இலட்சத்திற்கு உயர்த்துக. ஏழ்மைக்கு ஒரே அளவுகோல் இருக்கட்டும். பராமரிப்புப் படியை விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர்த்துக. ஆண்டு முடிவில் ஒருசேர வழங்குவதை விடுத்துத் திங்கள்தோறும் வழங்குக. திங்கள்தோறும் ஆயிரம் ரூபாயை மாணவியரின் கணக்கில் சேர்க்க இயலும் என்பதைப் புதுமைப் பெண் திட்டம் மெய்ப்பித்துவிட்டது. இதற்கு இயன்றது மற்றதற்கு இயலாதா? நடுவண் அமைச்சரவை 2020 டிசம்பரில், ஐந்தாண்டுகட்கு ரூ. 59,048 கோடி என மதிப்பிட்டு நடுவண் அரசும் மாநிலமும் அறுபதுக்கு நாற்பது எனப் பகிர்ந்துகொள்ள முடிவு செய்தது. பங்கு பிரித்தது நன்று. ஒருவர் பங்கு வரவில்லையென மற்றவர் காத்திருக்க, இருவர்க்கிடையே மாணவன் நசுங்குதல் கூடாது.

கல்லூரிகள் செய்யவேண்டியன அவற்றினும் எளியன. எனவே அவற்றையே நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். காத்திருக்கும் சுமையை மாணவன் தோளிலிருந்து நிறுவனம் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்தின் சாரம். அரசு தரவேண்டிய தொகை எப்படியும் வரும். நிறுவனத்தால் ஆறு திங்கள் பொறுக்க இயலும். கூலித் தொழிலாளியால் ஆறு நாளும் இயலாது. உதவித்தொகைக்கு உரிய மாணவர்க்கு 'ஃப்ரீஷிப் கார்டு' வழங்கி, முன்பணம் பெறாது சேர்த்துக்கொள்ள நெறிமுறைகளில் இடம் உளது. அதனைச் சேர்க்கை நாளன்றே நடைமுறைப்படுத்தலாம். கட்டண நிலுவையைக் காட்டி மூலச் சான்றிதழ்களை நிறுத்திவைத்தல் கூடாதெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்ததை ஒவ்வொரு கல்லூரியும் தன் அலுவலக வாயிலில் எழுதிவைக்கலாம்.

அடுத்து, துறைதோறும் ஓர் ஆசிரியர் உதவித்தொகைப் பொறுப்பாளராக அமைதல் வேண்டும். சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவனின் சான்றுகளையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, பெயர்ப் பிழையை அப்போதே திருத்த வழிகாட்டுதல் அவர் பணி. ஒரு முற்பகல் செலவிட்டால் ஒரு மாணவனின் மூன்றாண்டு காக்கப்படும். விண்ணப்பம் எந்நிலையில் உளது என்பதைத் திங்களுக்கொருமுறை அறிந்து மாணவனுக்குக் கூறுவதும் அவர் கடனே. எத்திட்டங்கள் உள, எவர்க்கு உரியன, இறுதிநாள் யாது என்பவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, மாணவனிடம் மட்டுமன்றிப் பெற்றோரிடமும் அளித்தல் வேண்டும். தகவல் அறியாமையால் இழந்த உதவி, வழங்காத உதவிக்குச் சமம்.

மூன்றாவதாக, முன்னாள் மாணவர் நிதி ஒன்று வேண்டும். வறியோர் கல்விக்கென அறக்கொடை வழங்குவது நம் நிறுவனங்களுக்குப் புதிதன்று. 1919இல் வாணியம்பாடியிலும் 1951இல் சென்னையிலும் திருச்சியிலும் முஸ்லிம் பெருமக்கள் கல்லூரிகளை எழுப்பியது அவ்வுணர்வால்தான். அவற்றின் வகுப்பறைகளில் எல்லாச் சமயத்தாரும் எல்லாச் சாதியினரும் அமர்ந்தனர். இன்று வேண்டுவது பெருங்கட்டடமன்று, சிறு சுழல்நிதி. அரசுத் தொகை வரும்வரை கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் அதிலிருந்து செலுத்தி, தொகை வந்ததும் அதனைக் கல்லூரியே நிதியில் ஈடுசெய்து கொள்ளலாம். வட்டியில்லை, பிணையில்லை, மாணவன் எவர் முன்னும் கைகட்டி நிற்கவும் வேண்டா. 27 கல்லூரிகள் 1944இல் ஒன்றுகூடியதுபோல், தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரையுள்ள கல்லூரிகள் ஒரு பொது நிதி காணுதலும் இயலாத செயலன்று.

உதவி பெறும் மாணவர்க்கும் ஒரு சொல். உங்கள் கைக்கு வருவது இரக்கத்தால் இட்ட பிச்சையன்று. உங்கள் முன்னோர் உழுத வயலிலும் சுமந்த செங்கல்லிலும் இந்நாடு ஈட்டியதில் ஒரு சிறு கூறு அது. எனவே கேட்பதற்கு நாணற்க. தெரியாததை ஆசிரியரிடம் வினவுக. விண்ணப்பத்தின் படியையும் பதிவெண்ணையும் காத்துவைத்துக்கொள்க. தம்பிக்கும் தங்கைக்கும் அவ்வழியைக் கற்பித்து, அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு அவர்களையும் அழைத்து வருக.

கல்லூரி வாயில்வரை வந்துவிட்ட மாணவனைக் கட்டண முகப்பிலிருந்து திருப்பி அனுப்புதல் அவன் குடிக்கு இழப்பு. அதனினும் அக்கல்லூரிக்கு இழப்பு. வரும் கல்வியாண்டின் சேர்க்கைத் திங்களில், உதவித்தொகைக்கு உரிய ஒரு மாணவனேனும் பணமின்மையால் திரும்பாதவாறு காத்தல் எம் துறையின் கடமையென ஏற்கின்றோம். பிற துறையினரும் பிற கல்லூரியினரும் உடன் வருவாராக.